ஃபார்மேட் போடும் முன்: லினக்ஸில் டெஸ்க்டாப்பிலிருந்து திரும்பினால் கன்சோல் திரை கெட்டுப்போகிறதா?

விடியற்காலை நாலரை மணிக்கு எனக்குப் போன் வந்தால் அது வேலந்தாவளம் காய்கறி மண்டியிலிருந்துதான் இருக்கும்.

"ஏனுங்கண்ணா, ஸ்கிரீன் கருப்பாயிருச்சுங்க. தக்காளி லோடு நிக்குது, பில்லுப் போட முடியலீங்க."

அங்கே பில் போடும் நிரல் பழைய காலத்து எழுத்துத்திரை நிரல், கன்சோலில்தான் ஓடும், அதாவது படமோ மவுஸோ இல்லாத வெறும் எழுத்துத்திரையில். லோடு வராத நேரத்தில் பையன் டெஸ்க்டாப்புக்குப் போய் வீடியோ பார்ப்பான். திரும்பி கன்சோலுக்கு வரும்போதுதான் கோளாறு. மண்டிக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பது. அதிலும் தீராவிட்டால் யாரையாவது கூப்பிட்டு ஃபார்மேட். போன ஆடியில் ஒரு மண்டியில் அப்படித்தான் மூன்று வருஷத்துக் கமிஷன் கணக்கு அழிந்தது. அந்த மெஷினில் கெட்டுப்போயிருந்தது திரை மட்டும். டிஸ்க்கில் கணக்கு அப்படியே இருந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறையில். எங்கள் பக்கம் லினக்ஸ் மெஷின் கொஞ்சம் அதிகம். கேரளப் பள்ளிக்கூடங்களில் கைட் என்ற மாநிலக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் தரும் உபுண்டு வழிவந்த இயங்குதளத்தில்தான் பாடம், தமிழ் மீடியம் பள்ளிகளிலும் அதுவே. பொள்ளாச்சிப் பக்கம் படித்த பிள்ளைகளிடம் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போட்ட அரசு லேப்டாப் இருக்கும். ஆகவே மண்டிக்காரர், டீச்சர், மாஷ் (எங்கள் பக்கம் ஆண் வாத்தியாரை அப்படித்தான் சொல்வோம்) என்று எல்லோரும் இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள்.

கட்டளைகளைப் போனில் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன். 'மைனஸ்' என்றால் சின்னக் கோடு, 'ஸ்லாஷ்' என்றால் வலப்பக்கம் சாய்ந்த கோடு, 'அண்டர்ஸ்கோர்' என்றால் அடிக்கோடு. சி-எச்-வி-டி என்கிற மாதிரி எழுத்துகளுக்கு நடுவில் நான் போட்ட கோடு படிக்க வசதிக்குத்தான், அதைத் தட்ட வேண்டாம். 'சூடோ' என்று தொடங்கினால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் கட்டளை.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதி விஷயம் தானாகப் புரியும். டெஸ்க்டாப் ஓடும்போது கன்சோலிடமிருந்து நாலு சாமான் இரவல் வாங்குகிறது: திரையின் அளவு-வேகம், எழுத்துரு, நிறப்பட்டியல், கீபோர்டு. நீங்கள் கன்சோலுக்கு மாறும்போது அவற்றைத் திருப்பித் தர வேண்டும். எதைத் தரவில்லை என்று கண்டுபிடித்தால் போதும், அதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

முதலில், உயிர் இருக்கிறதா?

கேப்ஸ் லாக் அழுத்துங்கள். விளக்கு மாறினால் மெஷின் உயிரோடு இருக்கிறது. மாறாவிட்டால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை, இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினால், உள்ளே கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு, நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் விளக்கு அசையாது.

இதைவிட நம்பகமான சோதனை இன்னொரு மெஷினிலிருந்தோ போனிலிருந்தோ எஸ்-எஸ்-எச் வழியாக, அதாவது நெட்வொர்க் மூலம் கட்டளை கொடுக்கும் வழியில், உள்ளே நுழைவது. போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைத்திரை ஆப்பைப் போட்டு அதில் ஓப்பன்-எஸ்-எஸ்-எச் நிறுவிக்கொண்டால் போதும். நுழைய முடிந்தால் பாதி வேலை முடிந்தது, கீழே சொல்லும் பல கட்டளைகளை அங்கிருந்தே கொடுக்கலாம். நானும் மண்டிக்கு நேரில் போவதில்லை, பல் தேய்த்துக்கொண்டே போனில் முடித்துவிடுகிறேன்.

கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்1 அடித்தேன், கன்சோலே வரவில்லை

இது பழுதே அல்ல, விலாசம் மாறிவிட்டது. முன்பெல்லாம் 1 முதல் 6 வரை எழுத்துத்திரை, 7-இல் டெஸ்க்டாப். உபுண்டு 17.10-இலிருந்து உள்நுழையும் பக்கம் 1-இல், நீங்கள் நுழைந்த டெஸ்க்டாப் 2-இல். எழுத்துத்திரை வேண்டுமென்றால் எஃப்3 முதல் எஃப்6 வரை ஏதாவது ஒன்றை அழுத்துங்கள். லைட்-டி-எம் போன்ற பழைய பாணி உள்நுழைவு நிரல் இருந்தால் டெஸ்க்டாப் இன்னும் 7-இல்தான்.

லேப்டாப்பில் எஃப் வரிசைக்கு ஒலி, வெளிச்சம் என்று வேறு வேலை கொடுத்திருப்பார்கள். எஃப்-என் விசையையும் சேர்த்து நாலு விரலால் பிடிக்க வேண்டும். கன்சோலுக்குள் வந்துவிட்டால் கண்ட்ரோல் தேவையில்லை, ஆல்ட்டும் எஃப் எண்ணும் போதும். எஸ்-எஸ்-எச் வழியாக மாற்ற: சூடோ சி-எச்-வி-டி 3. இப்போது எதில் நிற்கிறோம் என்று பார்க்க: சூடோ எஃப்-ஜி-கன்சோல்.

திரை முழுக் கருப்பு

அதிகம் வருவதும் இதுதான், அதிகம் குழப்புவதும் இதுதான். கருப்பில் மூன்று சாதி உண்டு.

முதல் சாதி, மானிட்டர் விளக்கு எரிகிறது, மூலையில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டுகிறது, அல்லது அதுவும் இல்லை. என்ட்டர் இரண்டு தடவை தட்டுங்கள். பழைய கெர்னலில் 10 நிமிடம் எதையும் தொடாவிட்டால் கன்சோல் தானாகக் கண்ணை மூடிக்கொள்ளும், ஒரு விசை தட்டினால் எழுந்துவிடும். பின்னால் வந்த கெர்னல்களில் இந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள். உங்கள் மெஷினில் இன்னும் இருந்தால் கன்சோலில் செட்டெர்ம் மைனஸ் மைனஸ் பிளாங்க் 0 என்று கொடுங்கள். நிரந்தரமாக வேண்டுமென்றால் கெர்னல் வரியில் (அது எங்கே என்று கீழே சொல்கிறேன்) கன்சோல்பிளாங்க்=0 சேருங்கள். அதிலும் ஒன்றும் வராவிட்டால் அந்த எண்ணில் உள்நுழையும் நிரலே தொடங்கவில்லை, அடுத்த எண்ணுக்குப் போய்ப் பாருங்கள். மெஷின் கிளம்பும்போது காட்டும் படம் போகாமல் திரையைப் பிடித்திருப்பதும் உண்டு. அதை விரட்ட சூடோ ப்ளைமவுத் குவிட்.

இரண்டாம் சாதி, திரைக்குப் பின்னால் வெளிச்சமே இல்லை. லேப்டாப்பில்தான் இது வரும். போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் கன்சோல் சரியாக இருக்கிறது, பின்வெளிச்சம்தான் பூஜ்யத்தில் நிற்கிறது. வெளிச்சம் கூட்டும் விசையை அழுத்துங்கள். அது கேட்காவிட்டால் சிஸ் அடைவில் கிளாஸ், அதற்குள் பேக்லைட் என்ற இடத்தில் உங்கள் திரையின் பெயரில் ஓர் அடைவு இருக்கும். அங்கே மேக்ஸ்-அண்டர்ஸ்கோர்-பிரைட்னஸ் கோப்பில் உள்ள எண்ணைப் பார்த்து, அதில் பாதியை பிரைட்னஸ் கோப்பில் எழுதுங்கள்.

மூன்றாம் சாதி, மானிட்டரே 'நோ சிக்னல்' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறது. இது டிரைவர், அதாவது கிராபிக்ஸ் கார்டை இயக்கும் நிரலின் சமாச்சாரம். கார்டை டெஸ்க்டாப் ஒரு விதமாக வைத்திருந்தது, கன்சோலுக்கு அதை மாற்றிக் கொடுக்கத் தெரியவில்லை.

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ரொம்ப நாள் திரையின் அளவை மாற்றும் வேலையை டெஸ்க்டாப்பின் அடியில் இருக்கும் எக்ஸ் நிரலே கவனித்தது, கெர்னலுக்கு அதில் பங்கில்லை. எக்ஸ் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தால் உண்டு, நடுவில் விழுந்தால் திரை அம்போ. 2009-இல் கெர்னல் 2.6.29 வந்தபோது இன்டெல் கார்டுகளுக்கு அந்தப் பொறுப்பைக் கெர்னலே எடுத்துக்கொண்டது, மற்றக் கார்டுகள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதனால் இன்டெல் கார்டில் இன்றைக்கு இந்தக் கருப்பு அபூர்வம். என்விடியா நிறுவனத்தின் சொந்த டிரைவரில் கன்சோலுக்கான வசதி 545 வரிசையில்தான், அதுவும் சோதனை நிலையில், முதலில் வந்தது. அந்த டிரைவர் போட்ட மெஷினில் கன்சோல் கருப்பாக வந்தால் கெர்னல் வரியில் என்விடியா மைனஸ் டி-ஆர்-எம், புள்ளி, மோட்செட்=1 என்று சேருங்கள். டிரைவர் 545 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் அதே மாதிரி எஃப்-பி-டெவ்=1 என்பதையும் சேருங்கள்.

கெர்னல் வரி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு தடவை மட்டும் சோதிக்க, மெஷினைக் கிளப்பியவுடன் எஸ்கேப் தட்டுங்கள், பயாஸ் என்ற பழைய தொடக்க நிரலில் கிளம்பும் மெஷின் என்றால் ஷிஃப்டைப் பிடித்திருங்கள். க்ரப் பட்டியல், அதாவது எந்த இயங்குதளத்தைக் கிளப்புவது என்று கேட்கும் திரை, வந்ததும் ஈ எழுத்தைத் தட்டினால் வரிகள் திறக்கும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டுச் சேர்த்துவிட்டு கண்ட்ரோல்-எக்ஸ். இப்படிச் சேர்த்தது இந்த ஒரு தடவைக்குத்தான், தப்பாகப் போனால் மறுபடி கிளப்பினால் போதும். சரியாக வேலை செய்தால் அதையே ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் டிஃபால்ட் ஸ்லாஷ் க்ரப் கோப்பில், சி-எம்-டி-லைன் என்று வரும் வரியின் மேற்கோளுக்குள் எழுதி, சூடோ அப்டேட் மைனஸ் க்ரப் கொடுங்கள். இது டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் வழி.

எதற்குமே மசியாத மெஷினுக்கு நோமோட்செட், ஒரே சொல். கார்டின் சொந்த டிரைவரைக் கெர்னல் தொடாது, பயாஸ் கொடுத்த திரையையே வைத்துக்கொள்ளும். எழுத்து பெரிதாக, அவலட்சணமாக வரும், ஆனால் வரும். அதோடு ஓர் இடைவெளி விட்டு 3 என்ற எண்ணையும் சேர்த்தால் டெஸ்க்டாப் கிளம்பாமல் நேரே எழுத்துத்திரைக்கே வந்துவிடலாம். நோமோட்செட்டை நிரந்தரமாக விட்டுவைக்காதீர்கள். டெஸ்க்டாப் நத்தையாகும், வீடியோ திக்கும், அப்புறம் 'மெஷின் ஸ்லோ' என்று இன்னொரு போன் வரும்.

மானிட்டரில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' அல்லது 'இன்புட் நாட் சப்போர்ட்டட்'

டெஸ்க்டாப்பில் படம் நன்றாக வருகிறது, கன்சோலில் மட்டும் இந்த வரி. மெஷின் அனுப்பும் அளவு மானிட்டருக்கு ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம்.

பழைய எழுத்துத்திரை 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த வி-ஜி-ஏ முறைப்படி ஓடுகிறது: 80 பத்தி, 25 வரி, 720-க்கு 400 புள்ளி, விநாடிக்கு 70 தடவை. அந்தக் காலத்துக் குண்டு மானிட்டருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. எச்-டி-எம்-ஐ வழியாக மாட்டிய டிவி சிலவற்றுக்கு 720-400 என்றால் என்னவென்றே தெரியாது. இப்படி இருந்தால் கெர்னல் வரியில் அளவை நீங்களே சொல்லிவிடுங்கள்: வீடியோ=எச்-டி-எம்-ஐ-மைனஸ்-ஏ-மைனஸ்-1, முக்காற்புள்ளி, 1280எக்ஸ்720@60. இங்கே எச்-டி-எம்-ஐ, ஏ இரண்டும் பெரிய எழுத்து. உங்கள் மெஷினில் அந்த வாயிலுக்கு என்ன பெயர் என்பது சிஸ் அடைவில் கிளாஸ், அதற்குள் டி-ஆர்-எம் என்ற இடத்தில் இருக்கும்.

இதில் கேபிளையும் சந்தேகப்படுங்கள். நீல முனை வி-ஜி-ஏ கேபிளில் 12, 15 ஆகிய இரண்டு ஊசிகள் வழியாகத்தான் மானிட்டர் தன் பெயரையும் அளவுகளையும் மெஷினுக்குச் சொல்கிறது. விலை குறைந்த கேபிளில் அந்த இரண்டு கம்பியையும் விட்டுவிடுவார்கள். மெஷினுக்கு எதிரே யார் இருக்கிறார் என்று தெரியாது, குத்துமதிப்பாக 1024-768 வரையில் எதையாவது அனுப்பும். ஒரு பள்ளிக்கூட லேபில் பத்து மெஷினில் நாலு மட்டும் மங்கலாக இருக்கிறது என்று டீச்சர் கூப்பிட்டார். நான் அரை நாள் டிரைவரோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் கேபிளை மாற்றி மாட்டிப் பார்த்தேன். மங்கல் கேபிளோடு போனது. இப்போதெல்லாம் கேபிள்தான் முதல்.

எழுத்துக்குப் பதில் குப்பை

இதில் இரண்டு விதம். இரண்டுக்கும் மருந்து வேறு, ஆகவே உற்றுப் பார்க்க வேண்டும்.

சொற்கள் இருக்க வேண்டிய இடத்தில் கோடு, கட்டம், கிரேக்க எழுத்து மாதிரி ஏதோ வருகிறது, ஆனால் பெரிய எழுத்தும் எண்ணும் ஒழுங்காகத் தெரிகிறது என்றால் திரைக்கு ஒன்றுமில்லை. படம், ஜிப் மாதிரி ஒரு கோப்பைத் தவறுதலாகத் திரையில் கொட்டியிருப்பீர்கள். அதில் இருந்த ஒரு பைட் கன்சோலைக் கோடு வரையும் எழுத்துத் தொகுதிக்கு மாற்றிவிட்டது. தட்டுவது குப்பையாகத் தெரிந்தாலும் உள்ளே சரியாகத்தான் போகிறது. கண்ணை மூடிக்கொண்டு ரீசெட் என்று தட்டி என்ட்டர் அடியுங்கள். முடிந்தது.

இன்னொரு விதத்தில், எல்லா எழுத்தும் சிதைந்திருக்கும். பழைய கோலப்பொடி கலைந்த மாதிரி புள்ளிகள். ஒரே எழுத்து வரும் இடமெல்லாம் ஒரே மாதிரி சிதைந்திருந்தால் எழுத்துரு கெட்டுவிட்டது என்று நிச்சயம் செய்துகொள்ளலாம். வி-ஜி-ஏ எழுத்துத்திரையில் எழுத்துருவின் உருவம் கார்டின் நினைவகத்திலேயே, இரண்டாம் தளம் என்று சொல்லும் பகுதியில் உட்கார்ந்திருக்கும். டெஸ்க்டாப் அதே இடத்தில் படம் வரையும். திரும்பும்போது பழையதை எடுத்து வைக்காவிட்டால், டெஸ்க்டாப்பின் வால்பேப்பர் துணுக்குதான் உங்களுக்கு எழுத்தாகத் தெரியும்! ரீசெட் கொடுத்தால் இது போகாது. எழுத்துருவை மறுபடி ஏற்ற வேண்டும். டெபியன், உபுண்டுவில் சூடோ செட்டப்கான். எங்கேயும் வேலை செய்வது சூடோ செட்ஃபான்ட், பின்னால் எதுவும் சேர்க்காமல் கொடுத்தால் வழக்கமான எழுத்துரு ஏறும். ஃபெடோரா வகை லினக்ஸில் சிஸ்டம்-டி மைனஸ் வி-கன்சோல் மைனஸ் செட்டப் என்ற சேவையை மறுபடி தொடங்கினால் போதும்.

இரண்டாவது விதம் பத்துப் பதினைந்து வருஷப் பழைய மெஷினில்தான் வரும், எங்கள் மண்டிகளில் இருப்பது பெரும்பாலும் அதுதான். எழுத்துரு ஏற்றியும் தேறாத ரொம்பப் பழைய மெஷினில் வி-பி-ஈ-டூல் என்று ஒன்றை நிறுவி, சூடோ வி-பி-ஈ-டூல் போஸ்ட் கொடுத்தால் கார்டு பயாஸிலிருந்து மறுபடி கண் விழிக்கும். புது மெஷினில் இதைச் செய்யாதீர்கள், உறைந்துபோக வாய்ப்புண்டு.

திரை தெரிகிறது, கீபோர்டு மட்டும் செத்தது போல

டெஸ்க்டாப் இரவல் வாங்கியதில் கீபோர்டும் ஒன்று. வாங்கியதும் அதைப் பக்குவப்படுத்தாத பச்சை நிலைக்கு ('ரா' என்பார்கள்) மாற்றிவிடும்: கெர்னல் எந்த விசையையும் தானாகப் புரிந்துகொள்ளாது, எல்லாம் நேரே டெஸ்க்டாப்புக்கு. டெஸ்க்டாப் விழுந்தால் கீபோர்டு நடுத்தெருவில் நிற்கும். கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3-கூட வேலை செய்யாது, ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ள ஆளில்லை.

கெர்னல் எந்த நிலையிலும் காது கொடுக்கும் ஒரு விசை உண்டு. ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு, பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்துக்கொண்டு, ஆர் தட்டுங்கள். கீபோர்டு கெர்னலின் கைக்குத் திரும்பும், அப்புறம் கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அடித்தால் போகும்.

போகாது என்று உபுண்டுக்காரர்கள் சொல்வது என் காதில் விழுகிறது. உண்மைதான். இந்த மந்திர விசைக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை ஓர் எண் தீர்மானிக்கிறது. டெபியனில் அது 438, அதில் கீபோர்டை மீட்கும் அதிகாரமும் அடக்கம். உபுண்டுவில் 176, அதாவது 128, 32, 16 மூன்றின் கூட்டல்: மறுதொடக்கம், டிஸ்க்கை வாசிக்க மட்டுமாக மாற்றுதல், எழுதாமல் நிற்பதை எழுதி முடித்தல். கீபோர்டுக்கான 4 அதில் இல்லை. அதையும் கூட்டி 180 ஆக்கிவிட்டால் வேலை செய்யும். ஸ்லாஷ் ஈடிசி ஸ்லாஷ் சிஸ்-சி-டி-எல் புள்ளி டி என்ற அடைவில் 10-மேஜிக் என்று தொடங்கும் கோப்பு இருக்கிறது, அதிலுள்ள 176-ஐ 180 ஆக்கிவிட்டு சூடோ சிஸ்-சி-டி-எல் மைனஸ் மைனஸ் சிஸ்டம். கீபோர்டு செத்த பிறகு இதைச் செய்ய முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதே செய்துவையுங்கள்.

எஸ்-எஸ்-எச் வழியாக நுழைய முடிந்தால் இன்னொரு பாதை: சூடோ சி-எச்-வி-டி 3 கொடுத்து எழுத்துத்திரைக்கு மாற்றிவிட்டு, அங்கே கீபோர்டு பேசாவிட்டால் சூடோ கே-பி-டி அண்டர்ஸ்கோர் மோட் மைனஸ் யு மைனஸ் சி ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் டி-டி-ஒய்-3. இதில் சி மட்டும் பெரிய எழுத்து. டெஸ்க்டாப் ஓடும் எண்ணுக்கு இதைக் கொடுக்காதீர்கள். அங்கே தட்டுவதெல்லாம் பின்னாலுள்ள கன்சோலுக்கும் போய்ச் சேரும், பாஸ்வேர்டு உட்பட.

இரண்டும் பலிக்காவிட்டால், பவர் பட்டனைத் தொடும் முன் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீனைப் பிடித்தபடி எஸ், யு, பி ('பஸ்' என்பதில் வரும் பி) என்று ஒவ்வொன்றாக, நடுவில் இரண்டு மூன்று விநாடி விட்டுத் தட்டுங்கள். டிஸ்க்கில் எழுத வேண்டியதை எழுதி, பூட்டி, மெஷினை மறுபடி கிளப்பும். கணக்குக் கோப்பு பாதியில் கிழியாது. மண்டி மானிட்டர்களின் ஓரத்தில் இந்த மூன்று எழுத்தையும் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

எழுத்து எறும்பு மாதிரி, அல்லது மூலையில் மட்டும், அல்லது ஓரம் வெட்டுப்பட்டு

எறும்பு எழுத்து, புது மானிட்டரில் புள்ளிகள் ரொம்பச் சின்னதாக, நெருக்கமாக இருப்பதால் வருவது. சூடோ டி-பி-கே-ஜி மைனஸ் ரீகான்ஃபிகர் கன்சோல் மைனஸ் செட்டப் கொடுங்கள், பட்டியல் வரும். குறியீடு யூ-டி-எஃப்-8, எழுத்துரு டெர்மினஸ், அளவில் கடைசியாக உள்ள 16-32. கண்ணாடி போட்ட மாஷ் ஒருவர் இதைச் செய்து கொடுத்ததற்கு எனக்கு ஒரு குலை இளநீர் அனுப்பினார்.

எழுத்து திரையின் ஒரு பகுதியில் மட்டும் நின்றால் இன்னொரு திரை எங்கோ மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் புரொஜெக்டர்தான் அந்த ஆசாமி. இரண்டிலும் ஒரே படம் காட்ட வேண்டியிருப்பதால் சின்னத் திரைக்கு ஏற்றபடி கன்சோல் சுருங்கும். புரொஜெக்டர் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி கிளப்பினால் தீரும். பக்க எல்லை தாண்டியும் வரி மடங்காமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் எஸ்-டி-டி-ஒய் சைஸ் கொடுத்து, வரியும் பத்தியும் என்ன என்று பாருங்கள், தவறாக இருந்தால் எஸ்-டி-டி-ஒய் ரோஸ் 25 கால்ஸ் 80.

நாலு ஓரமும் வெட்டுப்பட்டால் அது டிவியின் குணம். டிவி ரிமோட்டில் படத்தின் அளவு என்ற இடத்தில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் எதையும் தொட வேண்டாம்.

நிறம் மாறிவிட்டது

ரீசெட் கொடுத்தாலே கன்சோலின் 16 நிறமும் பழையபடி வந்துவிடும். வராவிட்டால் சூடோ செட்-வி-டி-ஆர்-ஜி-பி வி-ஜி-ஏ. திரை முழுக்கச் செங்காவி பூசின மாதிரி இருந்தால் டெஸ்க்டாப்பில் இரவு வெளிச்சம் போட்டுவிட்டு அப்படியே வந்திருப்பீர்கள். சில டிரைவர் அதையும் கன்சோலுக்கு இழுத்து வரும். டெஸ்க்டாப்புக்குப் போய் அணைத்துவிட்டு வாருங்கள். பயாஸ் திரையிலேயே மஞ்சளாகவோ ஊதாவாகவோ இருந்தால் வி-ஜி-ஏ கேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் போகும் 1, 2, 3 ஊசிகளில் ஒன்று வளைந்திருக்கும்.

தட்டுவது தெரியவில்லை, கோட்டையும் காணோம்

எஸ்-டி-டி-ஒய் சேன். தெரியாவிட்டாலும் தட்டுங்கள். என்ட்டர் அடித்தால் தொப்பிக் குறியும் எம்-உம் வருகிறதென்றால் என்ட்டருக்குப் பதில் கண்ட்ரோல்-ஜே. கண் சிமிட்டும் கோடு மட்டும் காணாமல் போயிருந்தால் செட்டெர்ம் மைனஸ் மைனஸ் கர்சர் ஆன்.

தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக

டெஸ்க்டாப்பில் 'ஆடி மாசக் கணக்கு' என்று அழகாக இருந்த கோப்பு, கன்சோலில் வெறும் கட்டம். இதைப் பார்த்துவிட்டுத்தான் 'ஃபைல் கரப்ட்' என்று பாதிப் பேர் பதறுகிறார்கள். கோப்பு பத்திரமாக இருக்கிறது. கன்சோலுக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான்.

கன்சோல் எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருவம் வைக்கலாம். 247 எழுத்துக்கு அது தாராளம் என்று தோன்றும். சிக்கல் வேறு. கன்சோல் ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்றுதான் அடுக்கும். 'கொ' என்று எழுத ஒற்றைக்கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும், நடுவில் க. இப்படி இடம் மாற்றிக் கோர்க்கிற வேலை கன்சோலுக்குத் தெரியவே தெரியாது. எழுத்துரு எதைப் போட்டாலும் இதே கதைதான், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிழைச் செய்திகளே கட்டமாக வந்தால், கட்டளைக்கு முன்னால் எல்-சி அண்டர்ஸ்கோர் ஆல்=சி என்று பெரிய எழுத்தில் சேர்த்துக் கொடுங்கள், செய்தி ஆங்கிலத்தில் வரும். தமிழ்ப் பெயர் கொண்ட கோப்பைக் கையாள, எல்-எஸ் மைனஸ் ஐ கொடுத்தால் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் ஓர் எண் வரும். ஃபைண்ட் கட்டளையில் மைனஸ் ஐநம் என்று சொல்லி அந்த எண்ணைக் கொடுத்தால் பெயரைத் தட்டாமலே கோப்பைப் பிடித்துவிடலாம். போனிலிருந்து எஸ்-எஸ்-எச் வழியாகப் பார்த்தால் போனின் திரை தமிழைக் காட்டும், அது இன்னும் சுலபம்.

பழுதென்று சொல்லிக் கூப்பிடுவார்கள், பழுதல்ல

ஷிஃப்ட்-பேஜ் அப் அடித்தால் மேலே போன வரிகள் வரவில்லை என்பது. 2020-இல் வந்த கெர்னல் 5.9-இல் அந்த வசதியையே நீக்கிவிட்டார்கள். கட்டளைக்குப் பின்னால் நிமிர்ந்த கோடு போட்டு, பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் நிரலைச் சேருங்கள், அல்லது டி-மக்ஸ் என்ற நிரலைப் பழகுங்கள். எனக்கும் வருத்தம்தான்.

திரை உறைந்துவிட்டது என்பது. கண்ட்ரோல்-எஸ் தெரியாமல் பட்டிருக்கும், கண்ட்ரோல்-க்யூ அடியுங்கள். ஸ்க்ரோல் லாக் விளக்கு எரிந்தாலும் இதே கதி.

தட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் யூ-எஸ்-பி, டிஸ்க் என்று ஏதேதோ வரி வந்து விழுவது. கெர்னல் பேசுகிறது. சூடோ டி-எம்-ஈ-எஸ்-ஜி மைனஸ் என் 1 கொடுத்து வாயை அடைத்துவிட்டு, கண்ட்ரோல்-எல் அடித்துத் திரையைத் துடையுங்கள். ஆனால் அதே டிஸ்க் வரி திரும்பத் திரும்ப வந்தால் வாயை அடைக்காதீர்கள். கணக்கை முதலில் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் கூப்பிடுங்கள்.